பொண்ணுங்க மேட்ச் ஊதினவன்

பெண்கள் ஆட்டத்துக்கு என்னைப் போட்டால் அன்று மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மைசூரில் வாலிபால் நடுவராக இருந்த எனக்கு அந்த வேலையைப் பற்றி இருந்த கருத்து அவ்வளவுதான். காலையில் கிளம்பும்போது மனைவியிடம், "இன்னிக்கு பொண்ணுங்க மேட்ச்தான், சோறு வெச்சிடு" என்பேன். ஆண்கள் ஆட்டத்துக்கு உதவியாளாகப் போகிற நாளென்றால், "எப்போ வருவேன்னு தெரியாது" என்பேன். இரண்டையும் சொல்லும் தொனி வேறாக இருந்தது என்று பின்னால் அவள்தான் சொன்னாள்.

அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு மைசூர் வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் இங்கேதான், கன்னடப் பள்ளியில். ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அதன் வாலிபால் அணியில் ஆறு வருடம் ஆடினேன். ஒரு நாள் பந்தை அடித்துவிட்டு இறங்கும்போது வலது முட்டி திரும்பிக்கொண்டது. வீக்கம் வடிய இரண்டு மாதம் ஆயிற்று. டாக்டர் இனிமேல் குதிக்காதே என்றார். மைதானத்தை விட மனசில்லாமல் நடுவர் பரீட்சை எழுதினேன். தேறினேன்.

எங்கள் ஊரில் எந்த ஆட்டத்துக்கு யார் விசில் ஊதுவது என்று பட்டியல் போட்டுக் கொடுத்தவர் ஒரு மூத்த நடுவர். வங்கியில் வேலை செய்தவர். கன்னடத்துக்காரர், ஆனால் என்னிடம் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். நல்ல மனிதர். முதல் வருடம் முழுக்க எனக்குப் பெண்கள் ஆட்டங்களையே கொடுத்தார். பரீட்சை தேறி வந்த புதியவர்களுக்கும், கண் மங்கிப்போன பழையவர்களுக்கும் அவை போகும். நடுவில் இருக்கிற திறமைசாலிகளுக்கு ஆண்கள் ஆட்டம். யாரும் இதை எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

முதல் நாள் அவர் எனக்குச் சொன்ன அறிவுரை இது: "ஹோல்டிங், டபுள் டச் எல்லாம் ரொம்ப நோட வேணாம்ப்பா, பாக்க வேணாம். பொண்ணுங்க பாவம், கை அவ்வளவுதான் வரும். எல்லாத்துக்கும் ஊதினா ஆட்டமே ஓடாது. பந்து மேலே போச்சா, விடு. சும்னே விடு."

வாலிபாலில் பந்தைக் கையில் நிறுத்தக் கூடாது. தொட்டதும் போக வேண்டும். கையில் ஒரு கணம் தங்கினால் ஹோல்டிங். இரண்டு கையும் ஒன்றாகப் படாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டால் டபுள் டச். இரண்டும் தவறு, எதிரணிக்கு லாபம். நான் ஆடிய காலத்தில் இதற்காக நடுவர்களிடம் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அவர் சொன்னபோது சரியென்று தலையாட்டினேன். அதில் எனக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. பெண்கள் ஆட்டத்தில் நான் தப்பாக ஊதினால் யாரும் கேட்க வரமாட்டார்கள். பார்க்கிறவர்களும் குறைவு. இரண்டு டீச்சர்கள், வீட்டிலிருந்து வந்த ஓர் அண்ணன், அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருக்கிற பையன்கள். பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்று நினைத்தேன்.

இரண்டாவது வருடம் பி.யூ.சி., அதாவது பிளஸ் டூ, கல்லூரிகளுக்கான மாவட்டப் போட்டி ஒன்று வந்தது. பெண்கள் பிரிவில் அரையிறுதி என்னுடையது. காலை பதினொன்றுக்கு ஆரம்பம். இரண்டு மணிக்கு அதே மைதானத்தில் ஆண்கள் இறுதி ஆட்டம், அதற்கு ஒரு பெரிய மனிதர் வருவதாக இருந்தது. பந்தல் போட்டு, நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பக்கம் மைசூர்க் கல்லூரி ஒன்று. அதில் இரண்டு பெண்கள் நல்ல உயரம். இன்னொரு பக்கம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூரிலிருந்து வந்த அணி. அப்போது ஹனூர் மைசூர் மாவட்டத்தில்தான் இருந்தது. விடியும்முன் பஸ் ஏறி, கொள்ளேகாலில் மாறி வந்திருந்தார்கள். எட்டுப் பேர். அவர்களுடைய உடற்பயிற்சி ஆசிரியர் பையன்கள் அணியோடு போய்விட்டதால், கணக்கு டீச்சர் ஒருவர் துணைக்கு வந்திருந்தார். அவருக்கு ஆட்டம் தெரியாது. கைப்பையையும் எட்டுப் பேருடைய செருப்புகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் வந்தபோது வலை கட்டியாகிவிட்டது. ஆண்கள் ஆட்டத்துக்கும் பெண்கள் ஆட்டத்துக்கும் வலை உயரத்தில் ஏறக்குறைய ஒரு சாண் வித்தியாசம் உண்டு. அளப்பதற்கு ஒரு கம்பு இருக்கும். அன்று கம்பு பந்தலுக்குப் பின்னால் எங்கேயோ கிடந்தது. வலை உயரமாகத் தெரிந்தது எனக்கு. கம்பத்துக் கொக்கி துருப்பிடித்து இறங்க மறுக்கிறது, எப்படியும் மதியம் மேலே ஏற்ற வேண்டியதுதானே என்று மைதானத்து ஆள் சொன்னார். நான் கம்பத்தை ஒட்டியிருந்த நடுவர் ஸ்டாண்டில் ஏறி நின்றேன்.

ஹனூர் அணியின் தலைவிதான் அடிப்பவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பவள். ஒல்லியான, குள்ளமான பெண். பாவாடை தைக்கிற துணியில் தைத்த பேண்ட் போட்டிருந்தாள். நாலைந்து பந்து போனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் விரலில் பட்டுப் பந்து போகும்போது சத்தமே இல்லை. சுழலாமல், தட்டில் வைத்த மாதிரி வலைக்குப் பக்கத்தில் எழும்பி நின்றது. எங்கள் தொழிற்சாலை அணியில் பத்து வருடம் ஆடியவருக்கும் அப்படி வராது.

எதிர்ப் பக்கத்தில் பந்தை உள்ளங்கையில் ஏந்தி, ஒரு தூக்குத் தூக்கிப் போட்டார்கள். முதல் முறை விசில் என் வாய் வரை வந்தது. ஊதவில்லை. பிறகு வாய் வரையும் வரவில்லை.

முதல் செட் பாதியில் அந்தப் பெண் ஸ்டாண்டுக்குக் கீழே வந்து நின்றாள். நடுவரிடம் கேட்க அணித்தலைவருக்கு மட்டும்தான் உரிமை. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. முதலில் கன்னடத்தில் கேட்டாள். ஸ்கோர் எழுதிய என் நண்பனிடம் நான் தமிழில் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள்.

"சார், அது ஹோல்டிங் இல்லீங்களா?"

"ஆடும்மா. பொண்ணுங்க ஆட்டத்துல அவ்வளவா பார்க்கறதில்ல."

"அப்ப நாங்களும் புடிச்சுப் போடட்டுங்களா?"

நான் சிரித்தேன். "போட்டுக்கோ" என்றேன்.

அவள் போடவில்லை. கடைசி வரை விரலாலேயே கொடுத்தாள். அதற்குப் பழகிய கை வேறு மாதிரி போகாது என்று நினைக்கிறேன். ஆனால் அவள் எடுத்துக் கொடுத்த நல்ல பந்துகளை அந்தக் குள்ளமான பெண்கள் எம்பி அடித்தபோது பாதி வலையில் மாட்டிக்கொண்டன. இரண்டாவது செட்டுக்கு முன் மறுபடி வந்தாள்.

"நெட்டு அளந்தீங்களா சார்?"

"எல்லாம் அளந்தாச்சு. போ."

இதை எழுதும்போது கூட அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று ஆச்சரியமாக இருக்கிறது. கீழே மூத்த நடுவர் வந்து நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். ஹனூர்ப் பெண்கள் ஓய்வு கேட்டு எடுத்த முப்பது வினாடியில் இருபது வினாடி முடிந்ததும் விசில் ஊதி அவர்களை உள்ளே கூப்பிட்டேன். மூன்றாவது செட்டில் பதினைந்துக்குப் பன்னிரண்டு என்று தோற்றார்கள்.

ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போது அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ரிமார்க்ஸ் எடத்துல ஆட்சேபம் எழுதலாமுங்களா? ஆடும்போதே உங்ககிட்ட கேட்டனுங்க. கேட்டிருந்தா எழுதலாம்னு ரூல் புக்குல இருக்குதுங்க."

அவர்கள் கல்லூரி நூலகத்தில் கிழிந்த விதிப் புத்தகம் ஒன்று இருந்திருக்கிறது. இங்கிலீஷ் அகராதியை வைத்துக்கொண்டு படித்திருக்கிறாள். நான் பதில் சொல்வதற்குள் மூத்த நடுவர், "அதெல்லாம் எதுக்கும்மா, நல்லா ஆடினீங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று ஷீட்டை வாங்கிக்கொண்டார். டீச்சர் அவள் தோளைத் தொட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். போய்விட்டார்கள்.

மைதானத்து ஆள் எங்கிருந்தோ கம்பைத் தேடி எடுத்து வந்தார். ஆண்கள் ஆட்டத்துக்கு வலையை ஏற்றினார்கள். கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். ஒரு சாண் ஏற்ற வேண்டிய இடத்தில் நாலு விரல்தான் ஏற்ற வேண்டியிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய மனிதர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். குற்றமாகச் சொல்லவில்லை, ஒரு பெண் விதிப் புத்தகம் படித்துவிட்டு வந்திருந்தாள் என்று வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அரைச் சாணுக்கு மேல உசரம் ஏத்தி வெச்சு ஆட வெச்சீங்களா?"

"நான் கட்டல. கட்டி இருந்தது."

"நீங்க ஆடின காலத்துல, பேங்க்கு டீமோட மேட்ச்ல, நீங்க நெட்டைத் தொட்டீங்கன்னு ஒருத்தன் ஊதினான். தொடவே இல்லைன்னு நாலு நாள் இங்கே உக்காந்து புலம்பினீங்க. சோறு எறங்கல உங்களுக்கு."

"அது ஃபைனல்."

"அவங்களுக்கு இது என்ன?" என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வருடம் பட்டியல் போடும்போது மூத்த நடுவர் என்னைக் கூப்பிட்டு, இந்த முறை ஆண்கள் ஆட்டம் இரண்டு தருகிறேன் என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. பட்டியலைப் பார்த்தேன். பெண்கள் காலிறுதியில் ஹனூர் இருந்தது, எதிரில் அதே மைசூர்க் கல்லூரி.

"சார், இதையும் நானே ஊதறேன்."

"அதெதுக்கு? பரீட்சை பாஸ் பண்ணின புதுப் பையன் இருக்கானே."

"இல்ல சார், எனக்கு வேணும்."

"ஏனு மாராயா, என்னப்பா இது" என்று சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அன்று அரை மணி நேரம் முன்னதாகவே போய்க் கம்பைத் தேடி எடுத்துவிட்டேன். வலை அன்றும் உயரமாகத்தான் கட்டியிருந்தது. கொக்கி இறங்காது என்றார்கள். மண்ணெண்ணெய் வாங்கிவரச் சொல்லி ஊற்றி, சுத்தியலால் தட்டி இறக்கினோம். இருபது நிமிடம் ஆயிற்று. இரண்டு அணிகளும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தன. கம்பை நடுவில் வைத்து இரண்டு தலைவிகளையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஹனூர்ப் பெண் போன வருடத்துக்கு இந்த வருடம் கொஞ்சம் வளர்ந்திருந்தாள். கம்பைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

ஆட்டம் ஆரம்பித்ததும், பார்த்ததையெல்லாம் ஊதினேன். முதல் செட்டில் விசில் நிற்கவே இல்லை. இரண்டு பக்கமும்தான். மைசூர்ப் பெண்கள் பந்தை ஏந்திய ஒவ்வொரு முறையும், ஹனூரில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் தட்டுத் தடுமாறித் தொட்ட ஒவ்வொரு முறையும். சுற்றி நின்ற பையன்கள் "விசில் கச்சேரி, விசில் கச்சேரி" என்று கத்தினார்கள். மைசூர் அணியில் ஒரு பெண் அழுதுவிட்டாள். இத்தனை வருடம் அவள் அப்படித்தான் ஆடியிருக்கிறாள், யாரும் தப்பென்று சொன்னதில்லை. அவர்களுடைய பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நின்று கன்னடத்தில் கேட்டார், பெண் பிள்ளைகளிடம் இப்படி நடந்துகொள்ள உங்களுக்கு எப்படி மனசு வருகிறது என்று. மூத்தவர் சொன்னது சரிதானோ, ஆட்டத்தைக் கெடுக்கிறோமோ என்று எனக்கும் தோன்றியது.

முதல் செட் ஹனூருக்குப் போயிற்று. இரண்டாவது செட்டில் மைசூர்ப் பெண்கள் ஏந்துவதை நிறுத்தினார்கள். பெண்களுக்கு வராது என்று யாரோ முடிவு கட்டி வைத்திருந்தது வந்தது. பந்தை முன்கையால் வாங்கினார்கள், விரலால் கொடுக்கப் பார்த்தார்கள், தப்பினார்கள், மறுபடி பார்த்தார்கள். அந்தச் செட்டை அவர்கள் எடுத்தார்கள். மூன்றாவது செட்டில் ஹோல்டிங்குக்காக நான் ஊதியது இரண்டே முறை. கச்சேரி என்று கத்திய பையன்கள் கத்துவதை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பந்து வலைக்கு மேல் பத்துப் பன்னிரண்டு தடவை போய் வந்தது. ஸ்டாண்டில் நின்ற நானே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பதின்மூன்றுக்குப் பதின்மூன்று இருக்கும்போது ஹனூர்த் தலைவி ஓடி வந்து, கோணலாக வந்த ஒரு பந்தை எட்டி எடுத்துக் கொடுத்தாள். இடது கை முந்திவிட்டது. ரொம்பக் கொஞ்சம். ஊதினேன், டபுள் டச் என்று இரண்டு விரலைக் காட்டினேன்.

அவள் ஸ்டாண்டுக்குக் கீழே வந்தாள்.

"ரெண்டும் ஒண்ணாப் படலீங்களா?"

"படல."

தன் கையைப் பார்த்தாள். "சரிங்க" என்று திரும்பிப் போனாள். அடுத்த புள்ளியையும் மைசூர் எடுத்தது. ஹனூர் தோற்றது.

ஆண்கள் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போயிருந்தது. மூத்த நடுவர் என்னிடம் பேசவில்லை. நான் தண்ணீர்க் குழாய் பக்கம் போனபோது அந்தப் பெண் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சர் சற்றுத் தள்ளி மற்றவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"போன வருஷம் நெட் உயரமா இருந்துச்சும்மா. நீங்க போனப்புறம் பார்த்தேன். அளந்தேன்னு சொன்னது பொய்."

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "தெரியுமுங்க. எங்க காலேஜ்ல நாங்களே கயிறு வெச்சு அளந்துதான் கட்டுவம். பாத்தாலே தெரியும்."

"ஆமா."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

அதற்கும் "ஆமா" என்றுதான் சொன்னேன்.

"போன வருசம் தோத்தது எனக்கு இன்னிக்கு வரைக்கும் தோத்த மாதிரியே இல்லீங்க சார். ஊருக்குப் போயி யாருகிட்டச் சொன்னாலும், பொண்ணுங்க ஆட்டந்தானே விடுன்னுட்டாங்க." குழாயை மூடினாள். "இன்னிக்குத் தோத்துட்டம். அந்தப் பந்து கை முந்துனது எனக்கே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் வந்து கேட்டியா?"

"நீங்க பாத்தீங்களா, இல்ல சும்மா ஊதுனீங்களான்னு பாக்கத்தானுங்க" என்றாள். டீச்சர் கூப்பிட்டார். போய்விட்டாள்.

பட்டியலில் எனக்கிருந்த இரண்டு ஆண்கள் ஆட்டமும் அந்த வாரமே வேறு ஒருவருக்குப் போயின. வருடக் கடைசியில் நடுவர்கள் கூட்டத்தில், பெண்கள் ஆட்டத்துக்கு முன்பும் கம்பு வைத்து அளக்க வேண்டும், ஒரே அளவுகோலில் ஊத வேண்டும் என்று எழுந்து சொன்னேன். கொஞ்சம் சிரிப்பு. ஒருவர், "உனக்குப் பெண் குழந்தை இருக்கிறதா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே காரணம் தேடினார். எனக்கு இரண்டும் பையன்கள். அதைச் சொன்னதும் அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. இன்னொருவர், கண்டிப்பாக ஊதினால் பெண்கள் ஆட வரமாட்டார்கள், இருக்கிற நாலு அணியும் போய்விடும் என்றார். அவர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. மைசூர் அணியில் அழுத அந்தப் பெண் அடுத்த வருடம் வரவில்லை. அதற்கு நான் காரணமா, வேறெதுவுமா, தெரியாது. மூத்த நடுவர் கடைசியில், "கம்பு வைக்கிறதுல என்ன நஷ்டம், வைங்கப்பா" என்றார். அளப்பது மட்டும் வழக்கத்துக்கு வந்தது. ஊதுவது அவரவர் விருப்பம் என்றே இருந்தது.

பிறகு நான் அதிகமும் பெண்கள் ஆட்டங்களையே ஊதினேன். கொடுத்ததால் பாதி, கேட்டதால் பாதி. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவது நின்றுபோயிற்று. மனைவி டப்பாவில் கட்டிக் கொடுத்தாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. கொள்ளேகாலும் ஹனூரும் புது மாவட்டத்துக்குப் போயின. அங்கே நடுவர்கள் போதாமல் மைசூரிலிருந்து சிலரைக் கூப்பிட்டார்கள். நானும் ஒருமுறை கொள்ளேகாலுக்குப் போனேன். ஆண்கள் ஆட்டம் ஒன்று. பட்டியலில் எனக்கு இரண்டாம் நடுவர் வேலை, அதாவது ஸ்டாண்டில் நிற்பவருக்கு எதிர்ப்பக்கம், கீழே. முதல் நடுவராக ஸ்டாண்டில் ஏறியவள் அந்த ஹனூர்ப் பெண். கழுத்தில் தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டிருந்தாள். ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருப்பதாகச் சொன்னாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

முதல் செட்டில் ஒரு பந்துக்கு அவள் ஹோல்டிங் ஊதினாள். சரியாகத்தான் ஊதினாள். ஆனால் அந்த அணித்தலைவன், மீசை வைத்த பெரிய ஆள், ஸ்டாண்டுப் பக்கம் போகவே இல்லை. நேராக மைதானத்தைச் சுற்றி என்னிடம் வந்தான்.

"சார், நீங்க சொல்லுங்க. அது ஹோல்டிங்கா? அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்?"

"அவங்கதான் ஃபர்ஸ்ட் ரெஃப்ரி. அவங்ககிட்ட கேளு."

"நீங்க சீனியர் சார்."

"நான் ரெண்டாவது. அங்கே போய் கேளு."

அவன் போகாமல் நின்றான். அவள் ஸ்டாண்டிலிருந்து விசிலை ஊதி, விரலால் அவனைக் கூப்பிட்டாள். போய் நின்றான். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் கையை விரித்து ஏதோ சொன்னான். அவள் குனிந்து கேட்டாள், இரண்டு வார்த்தை சொன்னாள், ஆட்டம் நடக்கும்போது இனி என்னிடம் வந்து கேட்டால் எச்சரிக்கை அட்டை என்பதுபோல் மஞ்சள் அட்டை இருந்த பையைத் தொட்டுக் காட்டினாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே தன் இடத்துக்குப் போனான். ஆட்டம் நாலு செட் போயிற்று. அதற்குப் பிறகும் இரண்டு முறை என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் பக்கக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் எல்லோருக்கும் எலுமிச்சம்பழ ஜூஸ் கொடுத்தார்கள். அவள் ஸ்கோர் ஷீட்டை வரி வரியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள். நான் என் இடத்தில் போட்டேன். அடுத்த ஆட்டமும் அவளுக்கு இருந்தது. கம்பை எடுத்துக்கொண்டு மறுபடி வலையை நோக்கிப் போனாள். எனக்கு நாலரை மணி மைசூர் பஸ்.